ஹெல்காவுக்குப் பொட்டு வைக்கவில்லை

எலெக்ட்ரானிக் இசைக்காரர் ஒருவரிடம் தப்பித் தவறிக்கூட "உங்கள் பாட்டு நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். முகம் சுண்டிப் போகும். "எந்த மெஷினில் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் பஸ் ஏறினாலும் கூடவே ஏறி, உங்கள் நிறுத்தத்திலேயே இறங்கி, உங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் பேசிக்கொண்டிருப்பார். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எந்தச் சமையற்காரராவது கரண்டியைத் தூக்கிக் காட்டுவாரா? இவர்கள் காட்டுவார்கள். கரண்டி எந்த தேசத்தில் வார்த்தது, அதே கரண்டியை லண்டனில் யார் வைத்திருக்கிறார், அது இல்லாவிட்டால் புளி ஏன் கரையவே கரையாது, எல்லாம் சொல்வார்கள். அதற்குள் ரசம் ஆறிப்போயிருக்கும். பல சமயம் ரசமே இருக்காது.

துப்பறிவாளர் ரத்தினவேலுக்கு இந்த இனத்தைப் பற்றி அன்று காலை வரை ஒன்றும் தெரியாது. கரோல் பாக்கில், மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில், இன்றைக்கா நாளைக்கா என்று யோசித்தபடி நின்ற கட்டடத்தில், ஒரு சூட்கேஸ் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகளை விசாரித்துச் சொல்வது தொழில். சம்பளம் நிஜமா, அமெரிக்கா நிஜமா, தலைமுடி நிஜமா. முடி விஷயத்தில் அவரை மிஞ்ச தில்லியில் ஆள் கிடையாது. எதிர்க்காற்றில் ஸ்கூட்டரில் வருகிறவனை ஒரு தடவை பார்த்தால் போதும், ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லிவிடுவார். மனித குலத்தின் மீது அவருக்கு இருந்த மரியாதை அந்த முடியோடு சேர்ந்து எப்போதோ பறந்துபோயிருந்தது.

அன்று காலை வந்த ஸ்வப்னா மாப்பிள்ளையைத் தேடி வரவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஒருவன் இருந்தான். ஜெயராம். நொய்டாவில் ஒரு டி.வி. சேனலில் சவுண்ட் இன்ஜினியர். இப்போது ஊர் அவனைத் திருடன் என்கிறது; சேனல், விஷயம் தெளிவாகிற வரைக்கும் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டைகள் ஆணியில் தொங்க, பனியனோடு உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறானாம்.

அவன் திருடியதாகச் சொல்லப்படும் பொருளின் பெயர் ஹெல்கா. ஜெர்மனியில் செய்த பழைய ஸிந்தஸைஸர். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம் போல நீளம், முன்னால் கட்டைகள், மேலே பம்பாய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பிடுங்கி வைத்த மாதிரி குமிழ்கள். சொந்தக்காரன் அர்விந்த். இந்தக் கோடையில் அவன் வெளியிட்ட ஸி.டி. தில்லியில் காபிக் கடைகளிலும் ஃபாஷன் ஷோக்களிலும் ஓடுகிறது. அதில் வரும் அத்தனை சத்தமும் ஹெல்காவின் வயிற்றிலிருந்து பிறந்தது என்று பேட்டி கொடுக்காத பத்திரிகை பாக்கியில்லை. ஜெயராமும் அவனும் ஒரே காலனியில் வளர்ந்து, ஒன்றாக வாசித்து, சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். பிரிந்த பிறகும் அர்விந்த் வீட்டுச் சாவி ஒன்று ஜெயராமிடம் தங்கிவிட்டது. போன வாரம் ஹெல்கா காணாமல் போனபோது அந்தச் சாவிதான் சாட்சி.

இன்று சாயங்காலம் லோதி ரோடு அரங்கில் அர்விந்தின் கச்சேரி. லண்டனிலிருந்து ஒரு ரிக்கார்டு கம்பெனிக்காரர் கேட்க வருகிறார். ஜெயராமின் சேனலே படம் பிடிக்கப் போகிறது. அந்த மேடையில் திருடன் பேரைச் சொல்வேன் என்று அர்விந்த் பத்திரிகையில் அறிவித்திருக்கிறான்.

"பேரைச் சொல்லிட்டான்னா முடிஞ்சது ஸார்," என்றாள் ஸ்வப்னா. "அப்புறம் கோர்ட்டே இல்லைன்னு சொன்னாலும் டி.வி.ல வந்தது வந்ததுதான். அந்தத் துறையில அவருக்கு யாரும் மைக்கைத் தொடக்கூடக் குடுக்க மாட்டா."

ரத்தினவேல் அவள் கொண்டு வந்த பத்திரிகைத் துண்டுகளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆட்டோவில் போகும்போது அவருடைய உதவியாளர் மேதா ஒரு சந்தேகம் கேட்டாள். மேதா தில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். வாய் மட்டும் எந்த மொழியிலும் மூடாது.

"ஸார், மெஷினுக்குப் பொம்பளைப் பேர் வெச்சவன் புத்தி சரியில்லைன்னு ரிப்போர்ட் எழுதிட்டுத் திரும்பிடலாமா? மாப்பிள்ளை கேஸா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"எழுதலாம். அந்தப் பய சாயங்காலம் மேடையில ஏறிடுவானே," என்றார் ரத்தினவேல்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் முதல் மாடி. அர்விந்தின் அப்பா மத்திய அரசில் அண்டர் செகரட்டரி, ஆபீஸில் இருந்தார். அம்மா ராஜம் கதவைத் திறந்து, வாங்கோ என்று சொல்லி, மேதாவைப் பார்த்து நீ யாராத்துப் பொண்ணு என்று கேட்டு, பதில் வருவதற்குள் காபி கலக்கப் போனார். பின்பக்கத்துப் பால்கனியைப் பிளைவுட் அடித்து அடைத்ததுதான் உலகப் புகழ் பெற்ற ஸ்டூடியோ. உலகம் என்று இங்கே சொல்வது கன்னாட் பிளேஸிலிருந்து ஹவுஸ் காஸ் வரைக்கும்.

உள்ளே அர்விந்த் இருந்தான். கறுப்பு ஜிப்பா, கறுப்புக் கண்ணாடி, நட்ட நடுப் பகலில், வீட்டுக்குள். அவனிடம் அதே மாதிரி ஆறு ஜிப்பாக்கள் உண்டு என்றும், வேறு நிறம் போட்டால் ஹெல்காவுக்குப் பிடிக்காது என்றும் சொன்னான். பிறகு கேட்காமலே பிரசங்கம் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் வருகிற சத்தம் பிணம். ஹெல்காவின் சத்தத்தில் ஒரு கதகதப்பு இருக்கிறது. அதைக் காதால் கேட்க முடியாது, எலும்பால் கேட்க வேண்டும். உலகத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் ஹெல்காக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் இல்லாமல் அவனால் ஒரு ஸ்வரம்கூடப் போட முடியாது. இன்று மேடையில் வெறும் ஸ்டாண்டை வைத்து, அதில் ஒரு ரோஜாவைச் சாத்தி, ஸி.டி.யை ஓட விட்டு அஞ்சலி செலுத்தப் போகிறான்.

"நான் ஒண்ணுமே பண்றதில்லை ஸார். எல்லாம் ஹெல்காதான். நான் அவளுக்குள்ள போற கரண்ட், அவ்வளவுதான்."

"அப்போ பில் யார் கட்டறா?" என்று மேதா கேட்டாள்.

அவன் காதில் வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஆகாயத்தில் ஹெல்காவைத் தேடினான். அப்போது அவன் முதுகு தெரிந்தது. ஜிப்பாவின் பின்புறம் முழுக்கக் குறுகலான கோடுகள், அழுத்திப் பதிந்த மாதிரி. மேதா ரத்தினவேலின் காதருகே குனிந்தாள். "முதுகுல பார் கோடு ஸார். ஸ்கேன் பண்ணினா விலை வரும்."

ரத்தினவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்கா நின்ற மூலையில் மொசைக் தரை ஒரு நீள்சதுரத்துக்குப் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அவர் கிட்டே போய்ச் சுண்டு விரலால் அதைத் தடவினார். மத்திய அரசுக் குடியிருப்புகளில் வெள்ளையடிக்க வருகிறவர்கள் சுவரோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஸ்விட்ச், பல்லி, காலண்டர், நின்று வேடிக்கை பார்க்கும் பெரியவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போவார்கள். அந்த பிளக் பாயிண்டின் மூன்று துவாரங்களும் சுண்ணாம்பில் அடைத்துக் கிடந்தன.

காபியோடு வந்த ராஜத்திடம், வெள்ளையடித்தது எப்போது என்று கேட்டார். போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் என்றார் ராஜம். ஸி.டி. வந்தது இந்தக் கோடையில். ஆக, ஹெல்கா ஒரு வருஷமாகப் பட்டினி கிடந்தே பாடியிருக்கிறாள்.

எதிர்ச் சுவரோரம் மேஜை. அதில் நேரு பிளேஸில் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் பாலிகா பஜாரில் குழந்தைகளுக்கு வாங்கும் சின்னக் கீபோர்டு. ஒரு பட்டனை அமுக்கினால் நாய் குரைக்கும், இன்னொன்றுக்கு ரயில் போகும். நேரு பிளேஸ் கம்ப்யூட்டருக்கு நெற்றியில் சந்தனம் குங்குமம். மவுஸுக்குப் பொட்டு. சின்னக் கீபோர்டுக்கு நாய்ப் பட்டனுக்கு மேலே மிகப் பெரிய பொட்டு. சரஸ்வதி பூஜை முடிந்து நாளாகியும் ஒன்றும் அழியவில்லை. வரும் வழியில் பிரஷர் குக்கரிலும், தையல் மெஷினிலும், கீழே நின்ற ஸ்கூட்டரிலும்கூடப் பார்த்தது ரத்தினவேலுக்கு ஞாபகம் வந்தது. ராஜம் பொட்டு வைக்காத பொருள் அந்த வீட்டில் அண்டர் செகரட்டரி ஒருவர்தான் போலிருக்கிறது.

காபி புது டம்ளரில் வந்திருந்தது. விலை ஒட்டிய தாள்கூட உரிக்கவில்லை. மேதா அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே, புதுப் பாத்திரமா மாமி, நன்னா இருக்கே என்று பேச்சுக் கொடுத்தாள். ராஜத்தின் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பால் பொங்கறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரத்தினவேல் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். ஸ்வப்னா கொடுத்த துண்டுகளில் ஓர் ஆங்கிலத் தினசரியின் ஞாயிறு இணைப்பு இருந்தது. படத்தில் அர்விந்த் ஹெல்காவின் மேல் சாய்ந்து நிற்கிறான். ஹெல்காவின் தலையில் ஒரு காபி டம்ளர். ஹெல்காவின் மேல் பொட்டு இல்லை, பூ இல்லை. கீழே இருந்ததை மேதாவைப் படிக்கச் சொன்னார். அவள் தமிழாக்கிக்கொண்டே போனாள். நிருபர் போன அன்று சரஸ்வதி பூஜையாம். ஏதாவது வாசித்துக் காட்டும்படி கேட்டாராம். எங்கள் வழக்கப்படி இன்று கருவிகளைத் தொடக்கூடாது, எல்லாம் பூஜையில் இருக்கிறது, நாளை விஜயதசமிக்குத்தான் எடுப்போம் என்று அர்விந்த் கைகூப்பிச் சொன்னானாம். நிருபர் உருகிப்போய் அதற்கு ஒரு பாரா ஒதுக்கியிருந்தார்.

மேதா பேப்பரை மடியில் போட்டாள். "எங்கம்மா அன்னிக்கு என் கணக்குப் புஸ்தகத்தை எடுத்துப் பூஜையில வெச்சுடுவா. வருஷத்துல எனக்குப் பிடிச்ச ஒரே நாள். தொட்டா கையிலயே போடுவா." கொஞ்சம் யோசித்தாள். "தொடக்கூடாததுமேல இவன் சாஞ்சுண்டு நிக்கறானே ஸார். மேல காபியை வேற வெச்சுண்டு."

"அதான். வா."

திரும்பப் போனபோது ராஜம் கூடத்தில் இருந்தார். ரத்தினவேல் அவரிடம் மெதுவாகக் கேட்டார். பூஜையில் வைக்க அர்விந்த் எதைக் கொண்டு வந்து கொடுத்தான்? ராஜம் யோசிக்காமல் சொன்னார்: சின்னக் கீபோர்டையும் மவுஸையும், கம்ப்யூட்டருக்கு இருக்கிற இடத்திலேயே பொட்டு. ஹெல்காவுக்கு?

"பால் பொங்கறது," என்று ராஜம் எழுந்தார்.

"அடுப்பே எரியலையே மாமி," என்றாள் மேதா.

ராஜம் மறுபடி உட்கார்ந்தார். ஸ்டூடியோவிலிருந்து வந்த அர்விந்த் அம்மாவுக்குப் பதிலாக அவசரமாகச் சொன்னான்: ஹெல்கா பெரியது, தூக்கிக்கொண்டு பூஜை அறைக்குப் போக முடியாது.

"ஸ்கூட்டரைத் தூக்கிட்டுப் போயா தம்பி பூஜை பண்ணினீங்க?" என்று ரத்தினவேல் கேட்டார். "உங்கம்மா குக்கரை விடலை, தையல் மெஷினை விடலை. இந்த வீட்டுல எது உழைக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். உழைக்காததுக்கு ஏன் சந்தனத்தை வீணாக்கணும்னு விட்டுட்டாங்க. நீயும் அன்னிக்கு நிஜமாவே உன் வாத்தியத்தைத் தொடலை. அது நாய் குரைக்கற பெட்டி. தொட்டது வெறும் மேஜை."

அர்விந்த் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே இருந்தவை அசல் அண்டர் செகரட்டரி பிள்ளையின் கண்கள். பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவை. ஒரு தூதரகத்தின் ஏலத்தில் பழைய சாமானோடு சாமானாக வாங்கியது, வாங்கும்போதே செத்துப்போயிருந்தது, தில்லியில் ரிப்பேர் பண்ண ஆளில்லை என்று சொன்னான். ஸி.டி. முழுவதும் சின்னக் கீபோர்டில் போட்டதுதான். ஒரு பாட்டில் வருகிற, விமர்சகர்கள் ஜெர்மன் கானகத்தின் மூச்சு என்று எழுதிய சத்தம், ரயில் பட்டனை மெதுவாக ஓட விட்டது.

"நாய் எங்க வருது?" என்று மேதா கேட்டாள். மூன்றாவது பாட்டில் என்றான்.

கேஸ் முடிந்தது என்று நினைத்து அவள் துப்பட்டாவைச் சரி பண்ணிக்கொண்டாள். ஆனால் அர்விந்துக்கு அதற்குள் தெம்பு வந்துவிட்டது. செத்ததோ உயிரோடு இருந்ததோ, ஹெல்கா அவனுடையது. சாவி ஜெயராமிடம்தான் இருந்தது. வாசித்தானா இல்லையா என்பது ஒரு கேள்வி, திருடியது யார் என்பது வேறு கேள்வி. பேரைச் சொல்லத்தான் போகிறான். சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தது என்று காட்டுவதற்காக விறைப்பாகத் திரும்பி நின்றான்.

அவன் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் ரத்தினவேலுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் அவன் முதுகைப் பார்த்தார். கோடுகள். இரண்டு சேர்ந்தாற்போல், ஒரு இடைவெளி, மூன்று சேர்ந்தாற்போல். மறுபடி இரண்டு. மறுபடி மூன்று. தோளிலிருந்து தோள் வரைக்கும் இதே வரிசை. அவர் தலையைத் திருப்பி, ஸ்டூடியோ மேஜையில் இருந்த சின்னக் கீபோர்டின் கறுப்புக் கட்டைகளைப் பார்த்தார். இரண்டு. மூன்று. இரண்டு. மூன்று.

"தம்பி, இந்த ஜிப்பாவை யாரு இஸ்திரி போட்டாங்க?"

கீழே, குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் இஸ்திரி போடும் பிரஸ்வாலா நின்றான். காலனி முழுவதும் அவனிடம்தான் துணி போடும். கனத்த கரிப் பெட்டியைக் கண்ணாடி துடைக்கிற துணி மாதிரி லேசாக இழுத்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் பழைய கம்பளி. மேஜைக்கு மேலே வரிசையாகத் துணி மாட்டிய ஹாங்கர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குமிழில். அவன் அப்போது தேய்த்துக்கொண்டிருந்தது இன்னொரு கறுப்பு ஜிப்பா, சாயங்காலக் கச்சேரிக்கு.

ரத்தினவேல் கம்பளியின் ஓரத்தைத் தூக்கினார்.

ஹெல்கா படுத்திருந்தாள். சூடு பட்டு வெள்ளைக் கட்டைகள் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தன.

பிரஸ்வாலா பெருமையோடு இந்தியில் சொன்னான். அற்புதமான மேஜை. முந்தினது மரம், கரி விழுந்து பாதி எரிந்துபோயிற்று. இது எதற்கும் அசையாது. கொஞ்சம் மேடு பள்ளம் உண்டு, இன்னொரு கம்பளி போட்டால் சரியாகிவிடும். இத்தனை கொக்கி வைத்து எந்த முட்டாள் மேஜை செய்தான் என்றுதான் தெரியவில்லை. ஆனால் ஹாங்கர் மாட்ட ரொம்ப வசதி. எங்கே கிடைத்தது? அவன் மனைவி பழைய சாமானுக்குப் பாத்திரம் கொடுப்பவள். மாடி வீட்டு அம்மா தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, இதை எடுத்துக்கொண்டு ஸ்டீல் டம்ளர் செட்டும் ஒரு பெரிய அடுக்கும் கொடு என்று கேட்டாராம். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

மேதா ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது சரித்திரச் சம்பவம்.

மாடியிலிருந்து ராஜம் இறங்கி வந்திருந்தார். மகனைப் பார்த்தார், ஹெல்காவைப் பார்த்தார், கடைசியில் ரத்தினவேலிடம் சொன்னார்.

"வந்த நாள்லேர்ந்து ஒரு சத்தம் போட்டதில்லை. ஒட்டடை அடிக்கறதுக்கும் இடம் விடாது. பூஜைக்குக்கூட அவன் அதைக் காட்டலை, அதான் வேண்டாத சாமான்னு போட்டுட்டேன்." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நீ ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே சொன்னேனேடா. டம்ளரைத் திருப்பிக் குடுத்து வாங்கிண்டு வந்துடறேன்னேன். நீதானே, வாயைத் திறக்காதே, இதுவும் நல்லதுக்குத்தான்னே."

அர்விந்த் கம்பளியின் ஓரத்தை இழுத்து ஹெல்காவை மூடினான்.

அவனுக்கு அன்றைக்கே தெரியும். லண்டன்காரர் ஹெல்காவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்; செத்த மெஷினை எப்படி வாசிப்பது என்று தூக்கமில்லாமல் கிடந்தவனுக்கு அம்மா வரம் கொடுத்திருக்கிறார். ஆனால் அபூர்வ ஜெர்மன் வாத்தியத்தை அம்மா டம்ளருக்குப் போட்டாள் என்று எந்தப் பத்திரிகையில் சொல்வது? பொறாமைக்காரன் திருடினான் என்றால் கதைக்கு ஒரு எடுப்பு இருக்கிறது. சாவி வைத்திருந்த பாவத்துக்கு ஜெயராம் அந்தக் கதைக்குள் போய் விழுந்தான்.

"மாப்பிள்ளை கேஸ்ல ஆயிரம் பொய்யனைப் பாத்திருக்கேன்," என்றார் ரத்தினவேல். "அவனுகளாவது பொண்ணு கிடைக்கணும்னு சொல்லுவானுக. நீ தகரத்துக்காக ஒருத்தன் சோத்துல கை வெச்சிருக்க. சாயங்காலம் பேரைச் சொல்றேன்னியே, சொல்லு. சரியான பேரா சொல்லு. இல்லேன்னா இந்த பிரஸ்வாலா மேடையில ஏறி, கம்பளியோட சொல்லுவான்."

அர்விந்த் தலையை ஆட்டினான். தலையை ஆட்டுகிறவர்களை ரத்தினவேல் நம்புவதில்லை. வழியில் அவர் ஜெயராமின் வீட்டுக்குப் போனார், அடுத்த தெருதான்.

லோதி ரோடு அரங்கு நிரம்பியிருந்தது. தில்லியில் உள்ள அத்தனை கறுப்பு ஜிப்பாவும் அங்கே இருந்தது. பிரஸ்வாலாவின் தள்ளுவண்டியில் வந்து மேடையேறிய ஹெல்காவை ஒரு நீல விளக்கு தழுவிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு வேலை இருந்தபடியால் இன்னும் சூடு ஆறவில்லை. லண்டன்காரர் மேடைக்கு ஏறி அவள் மேல் உள்ளங்கையை வைத்தார். கதகதப்பாக இருக்கிறாள் என்று கண் கலங்கச் சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள், அவள் ஸ்விட்சை எப்போதும் அணைப்பதே இல்லை என்று விளக்கினார்கள். ஹெல்காவின் மறைவில், யாருக்கும் தெரியாமல், ஒரு ஸ்டூலில் பாலிகா பஜார் கீபோர்டு பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

அரங்கின் கடைக்கோடியில், சத்தத்தை ஏற்றி இறக்கும் மேஜைக்குப் பின்னால், அரங்கத்து ஆளுக்குப் பதிலாக ஜெயராம் இருந்தான். அரங்கத்து ஆள் அவனுடைய பழைய சிநேகிதன். டீ குடிக்கப் போயிருந்தான். ஜெயராமிடம் ரத்தினவேல் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: உன் விரலுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை மறக்காதே.

அர்விந்த் மைக்கைப் பிடித்தான். ஹெல்கா திரும்பி வந்துவிட்டாள் என்றான். கைதட்டல். எடுத்தவர் யார் என்று தனக்குத் தெரியும் என்றான்; ஆனால் இசை மன்னிப்பைத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறது, அந்த நண்பனை மன்னித்துவிட்டேன் என்றான். இன்னும் பலத்த கைதட்டல். பேரைச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை. நாலைந்து தலைகள் திரும்பி ஸ்வப்னாவைப் பார்த்தன. அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

அர்விந்த் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஹெல்காவுக்குப் பின்னால் விரலைப் போட்டான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி போட்டான். ஒன்றும் இல்லை. கடைக்கோடியில் ஜெயராமின் கை கீபோர்டுக்கான குமிழை அடிமட்டத்தில் அழுத்திப் பிடித்திருந்தது. மைக்கை மட்டும் திறந்து வைத்திருந்தான். அர்விந்தின் மூச்சுச் சத்தம் அரங்கு முழுவதும் கேட்டது.

இந்த இடத்தில் வேறு எந்த ஊர்க் கூட்டமாக இருந்தாலும் இருமியிருக்கும். இது விஷயம் தெரிந்த கூட்டம். முன்வரிசையில் ஒரு தாடி மெல்ல ஆட ஆரம்பித்தது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெல்காவின் மௌனம் மற்ற மெஷின்களின் மௌனத்தைப் போல இல்லை என்று யாரோ யாருக்கோ கிசுகிசுத்தார்கள். லண்டன்காரர் எழுந்து நின்று கேட்டார்.

"போதும், இதையே ஸி.டி.யாப் போடலாம் ஸார்," என்றாள் மேதா.

ரசிகர்கள் இன்னும் ஒரு மணி நேரம் அந்த மௌனத்தை ரசித்திருப்பார்கள். அர்விந்தால் முடியவில்லை. அவன் நெற்றியில் வழிந்த வேர்வை ஹெல்காவின் கட்டையில் விழுந்தது. கண்ணுக்கு மேலே கையை வைத்து விளக்கை மறைத்துக்கொண்டு அரங்கின் கோடியைப் பார்த்தான். அங்கே நின்றவன் யார் என்று தெரிந்தது. சேனலின் காமிராவும் தெரிந்தது, அதன் சிவப்பு விளக்கோடு.

முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்து, பாதியில் விட்டு, தமிழில் சொன்னான்.

"ஜெயராம் திருடலை. யாருமே திருடலை. எங்கம்மா இதைப் பாத்திரத்துக்குப் போட்டா. எனக்கு முதல் நாளே தெரியும். நான்தான் பொய் சொன்னேன்."

புரியாதவர்களுக்காக இந்தியிலும், லண்டன்காரருக்காக இங்கிலீஷிலும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மொழியிலும் அது ஒரே மாதிரி அசிங்கமாக இருந்தது. கூட்டத்துக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஜெயராம் குமிழை மேலே தள்ளினான். ஒரேயடியாகத் தள்ளவில்லை, நல்ல சவுண்ட்காரன் தள்ளுகிற மாதிரி, எங்கே சத்தம் தொடங்கிற்று என்று யாருக்கும் தெரியாமல். பாலிகா பஜார் கீபோர்டு பாட ஆரம்பித்தது.

பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் பெரிய எரிச்சல். ரத்தினவேல் குற்றம் கண்டுபிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தும் அவர் கால் தாளம் போட்டுவிட்டது. மூன்றாவது பாட்டில் நாய் தூரத்தில் ஒருமுறை குரைத்தபோது மேதா அழுதுவிட்டாள், தூசி என்றாள். அந்த முட்டாளுக்கு ஹெல்கா எதற்கு என்று ரத்தினவேல் தமக்குள் கேட்டுக்கொண்டார். நாய்ப் பட்டனோடு நேராக வந்து உட்கார்ந்திருந்தால் யாருடைய சட்டையும் ஆணியில் தொங்கியிருக்காது.

முடிந்ததும் லண்டன்காரர் ஓடி வந்தார். உண்மையைச் சொன்ன துணிச்சலை அவர் காட்சியின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் அந்த ஜெர்மன் ஒலி, அந்த ஆழம், வேறு எந்த மெஷினிலும் வராது என்றார். அர்விந்த் ஸ்டூலில் இருந்த கீபோர்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அவர் அதை டீத் தட்டு என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார்.

சேனல்காரர் கடைக்கோடிக்குப் போய் ஜெயராமின் தோளைத் தட்டினார். எல்லாம் டேப்பில் இருக்கிறது, காலையில் வந்துவிடு என்றார். ஸ்வப்னா அவன் கையைக் குமிழிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

மேடையில் அதற்குள் பிரஸ்வாலா ஏறி, ஹெல்காவின் மேல் கம்பளியைப் போர்த்திக் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தான். அவளை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று லண்டன்காரர் பதறினார்.

"காலையில அவளுக்கு டியூட்டி இருக்கு," என்றாள் மேதா. "ஸ்கூல் யூனிபார்ம்."

வண்டி கதவருகே வந்தபோது ஜெயராம் அதை நிறுத்தினான். காலையில் முதல் வேலையாக ஒரு சட்டை தருகிறேன், ஆணியிலேயே தொங்கிக் கசங்கிப் போய்விட்டது, ஜல்தி போட்டுக் கொடு, ஆபீஸ் போக வேண்டும் என்று பிரஸ்வாலாவிடம் இந்தியில் சொன்னான்.

"முதுகுல கோடு விழுமே," என்றாள் மேதா.

"விழட்டும்," என்றான் ஜெயராம்.